இரண்டு பால்: ஆல்ப்ஸ் மேய்ச்சல் ஓவியமும் பேராக் தோட்டத்து மாடும்

(ஈப்போவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



ஓவியத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருந்தீர்கள். ஒரே ஓர் ஓவியரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இத்தாலியர் என்று அறியப்பட்டவர். ஆல்ப்ஸ் மலையின் மேய்ச்சல் நிலங்களை வரைந்து புகழ்பெற்றவர். அவருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தோட்டங்களுக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவை எனக்குக் காட்டியவர் என் பாட்டி.

எங்கள் லயத்து வீட்டில், அடுப்படிக்குப் போகும் வழியில், மளிகைக்கடைக்காரர் கொடுத்த நாள்காட்டி ஒன்று தொங்கியது. தேதித் தாள்கள் கிழிந்து தீர்ந்து பல வருடம் ஆகியும் படம் மட்டும் ஆணியிலேயே இருந்தது. பனிமலை, பச்சைப் புல், கழுத்தில் மணி கட்டிய ஒரு பசு. அடுப்புப் புகை ஏறிப் பனி மஞ்சளாகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்த நான், அந்த ஊருக்குப் போகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஒரு நாள் பாட்டி சாணிக்கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "மடி நெறைய பாலு. கன்னு எங்க?"

இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத் தமிழரின் கதையை நாம் கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வைத்தே எழுதிவந்திருக்கிறோம். அந்த மரம் கம்பெனியுடையது. தொழிலாளி தொட்டுக் காட்டி "இது என்னுடையது" என்று சொல்லக்கூடிய உயிருள்ள சொத்து மாடுதான். மாட்டின் பக்கம் நின்று பார்த்தால் அதே தோட்டம் வேறாகத் தெரியும். அப்படிப் பார்க்க எனக்குக் கண் பழக்கியவர் அந்த ஆல்ப்ஸ் ஓவியர்.

1. டின்னில் வந்த மலை

ஆல்ப்ஸ் மேய்ச்சல் நிலம் நம் லயங்களுக்கு ஓவியமாக வரவில்லை, பால் டின்னாக வந்தது. சுவிட்சர்லாந்தின் ஷாம் என்ற ஊரில் 1866இல் தொடங்கிய ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் கம்பெனி 1905இல் நெஸ்லேயுடன் இணைந்தது. 1912இல் ஆங்கிலோ-சுவிஸ் என்ற பெயரோடு பினாங்கில் வணிகம் தொடங்கியது. அதன் டின்னில் பால்வாளியைத் தலையில் சுமந்த ஒரு பெண் நின்றாள்.

இந்த டின் நம் வீடுகளில் எத்தனை வேலை செய்தது என்பது இங்கிருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். பால் தீர்ந்ததும் அரிசி அளக்கும் படி ஆனது. கயிறு கட்டிக் கடையிலிருந்து கோப்பி வாங்கிவரும் பாத்திரம் ஆனது. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பின்கட்டில் கறவைப் பசு நிற்கும் வீட்டில்கூடத் தேநீருக்கு டின் பால்தான். பசும்பால் அளந்து வெளியே போய்விடும். அது வெள்ளியாகத் திரும்பி வரும். கைக்குழந்தைக்கும் நோயாளிக்கும் எடுத்துவைத்தது போக மிச்சத்தை வீட்டுக்காரர்கள் குடித்ததை நான் பார்த்ததில்லை.

2. கட்டுத்தறி

இப்போது ஓவியருக்கு வருகிறேன். ஜோவன்னி செகந்தீனி. 1858இல் ஆர்க்கோ என்ற ஊரில் பிறந்தார். 1899இல், 41 வயதில், மலை உச்சிக் குடிசை ஒன்றில், ஓவியம் பாதியில் நிற்க இறந்தார்.

1886இல் அவர் முடித்த ஒரு படத்தின் பெயர் 'அல்லா ஸ்தாங்கா'. 'ஸ்தாங்கா' என்றால் மாடு கட்டும் நீளக் கம்பு. நம் சொல்லில் 'கட்டுத்தறியில்' என்று சொல்லிவிடலாம். ஏறத்தாழ 4 மீட்டர் அகலமான படம். சாயங்கால நேரம். கம்பை ஒட்டி வரிசையாக மாடுகள் நிற்கின்றன. நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவற்றின் முதுகும் இடுப்பெலும்பும்தான். ஆட்கள் குனிந்து பால் கறக்கிறார்கள். தொலைவில் மலைமேல் கடைசி வெயில். நாள்காட்டிப் படத்தில் மலைதான் பெரிது, மாடு அதற்கு அலங்காரம். இங்கே மலை பின்னே ஒதுங்கிவிட்டது. மாட்டின் களைப்பும் மனிதரின் களைப்பும் ஒரே வெளிச்சத்தில் நிற்கின்றன. எனக்கு இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கில் வருவது, கொசுவுக்காகக் கொட்டகையில் போடும் தேங்காய் மட்டைப் புகை.

மூன்று வருடம் கழித்து, 1889இல், 'இரு தாய்மார்' என்ற படத்தை முடித்தார். அது இப்போது மிலான் நகரில் இருக்கிறது. இரவு. தொழுவத்தில் ஒரு லாந்தர் விளக்கு. மடியில் குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்திருக்கிறாள். பக்கத்தில் பசு. அதன் காலடியில் வைக்கோல்மேல் கன்று. பாட்டி கேட்ட கன்று இதோ என்று எனக்குத் தோன்றியது.

நம்மவர்களும் இதை அறிந்தவர்கள்தான். மாமல்லபுரத்தில் கிருஷ்ண மண்டபத்துப் பாறையில், பல்லவர் காலத்துச் சிற்பி மலையைத் தூக்கி நிற்கும் கண்ணனைச் செதுக்கியதோடு நிறுத்தவில்லை. ஒருபுறம் ஓர் ஆள் குந்திப் பால் கறக்கிறான்; பசு திரும்பித் தன் கன்றை நக்கிக்கொடுக்கிறது. கறக்கிறவனுக்குத் தெரிந்த விஷயம் அது. கன்று பக்கத்தில் நின்றால் பசு எளிதாகப் பால் இறக்கும். அந்தச் சிற்பி ஏதோ ஒரு தொழுவத்தில் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறான். அவனுக்கும் செகந்தீனிக்கும் நடுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள். இருவரும் கன்றை விட்டுவிடவில்லை.

3. தாள் இல்லாத மனிதர்

செகந்தீனியை நான் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் அவருடைய வண்ணம் மட்டும் அன்று. அவர் பிறந்தபோது ஆர்க்கோ ஆஸ்திரியப் பேரரசில் இருந்தது. ஏழு வயதில் தாய் போனார். தகப்பன் அவரை மிலானில் இருந்த மூத்த தாரத்து மகளிடம் விட்டுவிட்டு, சிறிது காலத்தில் அவரும் இறந்தார். அந்த அக்காள் ஆஸ்திரியக் குடியுரிமையிலிருந்து இருவரையும் விடுவிக்க மனுக்கொடுத்தார். விடுவித்துவிட்டார்கள். இத்தாலியக் குடியுரிமைக்கு எழுத வேண்டிய அடுத்த மனு போகவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஒரு தாள் எழுதாமல் போனதால் அந்தச் சிறுவன் சாகும்வரை எந்த நாட்டுக்கும் உரியவன் ஆகவில்லை.

தெருவில் திரிந்து, சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்டு, அங்கே செருப்புத் தைக்கப் பழகினார். ஒழுங்காக எழுதப் படிக்கத் தெரிந்ததே வளர்ந்து ஆளான பிறகுதான். பீச்சே புகாட்டி என்ற பெண்ணோடு வாழ்ந்தார், நான்கு பிள்ளைகள். கையில் தாள் இல்லாததால் சட்டப்படி மணம் முடிக்க முடியவில்லை. சுவிட்சர்லாந்தின் சவோஞ்ஞின் கிராமத்திலும், பிறகு இன்னும் உயரத்தில் மலோயாவிலும் குடியிருந்தார். அவரைக் குடிமகனாக ஏற்காத அதே இத்தாலிய அரசு 'அல்லா ஸ்தாங்கா'வை விலைக்கு வாங்கியது. படம் இன்று ரோம் நகரின் தேசியக் காட்சியகத்தில் இருக்கிறது. மாட்டுக்கு ரோமில் இடம் கிடைத்தது, அதை வரைந்தவருக்கு ஒரு கடவுச்சீட்டு கிடைக்கவில்லை.

இந்த அவையில் இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுத்த சிவப்பு அடையாள அட்டை என்றால் என்ன என்று நீங்கள் என்னிடம் கேட்க மாட்டீர்கள். பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டது, கிராணி பெயரை மாற்றி எழுதியது, மனுக்கொடுக்கும் நாளன்று ஈப்போவுக்கு வர பஸ் காசு இல்லாதது, இப்படி ஏதோ ஒரு சிறிய காரணம் ஒவ்வொரு சிவப்பு அட்டைக்குப் பின்னாலும் இருந்தது. செகந்தீனியின் புல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், கலக்காத வண்ணங்களை மெல்லிய இழை இழையாகப் பக்கம் பக்கமாக வைத்திருப்பது தெரியும். ஒவ்வொரு புல்லையும் தனித்தனியே நட்டதுபோல் இருக்கும். ஒரு நிலத்தின் மேல் தாளில் உரிமை இல்லாத மனிதர், கண்ணாலும் கையாலும் அதைத் தனதாக்கிக்கொள்ளும் பாடு அது என்றுதான் நான் படிக்கிறேன். கலை விமர்சகர்கள் இதற்கு வேறு விளக்கம் தரலாம். நான் தோட்டத்தில் பிறந்தவன், எனக்கு இப்படித்தான் தெரிகிறது.

4. குளிர்காலக் கணக்கு

ஆல்ப்ஸ் மேய்ச்சலில் படத்தில் தெரியாத ஒரு சட்டம் உண்டு. சுவிட்சர்லாந்தின் வாலே பகுதியில் தோர்பல் என்ற மலைக்கிராமம். அங்கே மேட்டுப் புல்வெளி ஊருக்குப் பொது. 1517ஆம் ஆண்டிலேயே அவர்கள் எழுதி வைத்த விதி இது: ஒருவர் குளிர்காலத்தில் தன் வைக்கோலைப் போட்டு எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, கோடையில் அத்தனை மாட்டைத்தான் பொதுப் புல்லுக்கு ஓட்டலாம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் பொதுச்சொத்தை மக்களே காக்க முடியும் என்று எழுதியபோது இந்தக் கிராமத்தைச் சான்று காட்டினார்.

அந்தப் புல்வெளியின் அமைதிக்குக் கீழே இந்தக் கணக்கு இருக்கிறது. யாருக்கு எவ்வளவு புல் என்பதை ஊரார் கூடி முடிவு செய்தார்கள்.

நம் பக்கம் கணக்கு வேறு. பிரிட்டிஷ் காலத்துத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போடவோ மாடு மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்கச் சொன்னது. ஏறத்தாழ 2,700 சதுர அடி. இந்த மண்டபத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஒரு பசு ஒரு வாரத்தில் அதை மொட்டையாக்கிவிடும். மீதி நாளுக்கு அது துரையின் புல்லைத்தான் தின்ன வேண்டும். அதற்கு எழுத்தில் உரிமை கிடையாது, வாய்ச்சொல் அனுமதிதான். துரை மாறினால் அனுமதியும் மாறும்.

5. இரண்டு பால்

ஹியூ லோ 1877இல் கோலக்கங்சாரில் நட்ட முதல் கன்றுகளிலிருந்து பேராக்கின் கித்தாக் காடுகள் எப்படிப் பரவின என்று புத்தகங்கள் விரிவாகச் சொல்கின்றன. தோட்டத்தில் மரம் தருவதற்கும் பால் என்றுதான் பெயர். வெட்டிய பட்டையில் வழிந்து மங்கில் விழுவதும் பால், மடியில் சுரந்து வாளியில் விழுவதும் பால். ஒரே சொல், ஒரே கை, ஒரே விடியற்காலை.

பாட்டி மூன்றரை மணிக்கு எழுவார். கன்றை ஒரு நிமிடம் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுவார். வெந்நீரில் மடியைக் கழுவி, விரலில் துளி எண்ணெய் தடவிக்கொண்டு, வாளியை முழங்காலுக்கு நடுவே இடுக்குவார். முதல் பீச்சு வெறும் தகரத்தில் விழும் சத்தம் வேறு, நுரைமேல் விழும் சத்தம் வேறு. படுத்திருந்தபடியே அந்தச் சத்தத்தை வைத்து வாளி எவ்வளவு நிறைந்தது என்று எனக்குத் தெரியும். நான்கு காம்பையும் அவர் முழுக்கக் கறந்ததில்லை. ஒன்று கன்றுக்கு. பிறகு பால்காரர் சைக்கிளில் வந்து அளந்துகொண்டு டவுனுக்குப் போவார். ஐந்தரைக்குப் பாட்டி ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நிற்பார். வெயில் ஏறினால் மரத்துப் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே நிறைக்குள் இறங்குவார்கள். பத்து மணிக்குமேல் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்து, வீடு வந்து பசியாறியதும் அரிவாளும் சாக்குமாகப் புல்லுக்குப் போவார்.

மரத்துப் பாலின் எடையைக் கிராணி எழுதினார். மாட்டுப் பாலின் கணக்கைப் பாட்டி அடுப்படிச் சுவரில் கரிக்கோடாக எழுதினார். முதல் கணக்கு ஏடுகள் ஆவணக்காப்பகங்களில் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றை வைத்துப் பட்டம் வாங்கியிருக்கிறோம், நான் உட்பட. இரண்டாவது கணக்கு பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது போய்விட்டது. என் அப்பாவைப் பள்ளிக்கூடம் அனுப்பியது, அத்தைக்குத் தோடு வாங்கியது, தாத்தாவை ஈப்போவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தது, எல்லாம் அந்தக் கரிக்கோடுதான்.

புல் எங்கே கிடைக்கும் என்ற அறிவும் ஒரு தனிப் படிப்பு. லாலாங் புல்லைத் தளிராக இருக்கும்போதுதான் மாடு தின்னும். முற்றினால் வாய் கிழியும். அல்லூர் என்னும் வடிகால் ஓரத்துப் புல்தான் மெத்தென்று இருக்கும். இளம் கித்தாவுக்கு நடுவே மண்ணைக் காக்கத் துரை போட்டிருக்கும் கொடிப்பயிர் மாட்டுக்கு விருந்து. அதில் வாய் வைத்துவிட்டால் மாட்டைப் பிடித்துக் கட்டிவிடுவார்கள், அபராதம் கட்டித்தான் மீட்க வேண்டும். 1948 ஜூனில் பேராக்கின் சுங்கை சிப்புட் பக்கத்தில் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபோது, லயங்களை முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். ஊரடங்கு மணிக்குள் கேட்டுக்குள் வராத மாட்டைத் தேடி யாரும் வெளியே போக முடியாது. வேலிக்கு அந்தப் பக்கம் அது கத்துவதை இரவெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்ததாகப் பாட்டி சொல்வார்.

பசு கன்று போட்டால் சீம்பால் லயம் முழுக்கப் போகும். சர்க்கரையும் ஏலக்காயும் போட்டு அவித்துத் துண்டு போட்டு, பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் ஒரு கிண்ணம். சாதி பார்த்துத் தண்ணீர் வாங்காத வீடுகளும் அதை வாங்கிக்கொண்டன. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. சீம்பால் தீர்ந்ததும் பழைய கோடுகள் திரும்பிவிடும். ஆனால் அந்த இரண்டு நாள் லயம் ஓர் ஊராக இருந்தது.

இந்த நாட்டின் கால்நடைத் துறையார் நம் மாட்டுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'உள்ளூர் இந்தியக் கறவை மாடு' என்ற பொருளில் ஒரு பெயர். இந்தியாவிலிருந்து நம்மவர்கள் கொண்டுவந்த இனங்கள் இங்கே கலந்து, இந்த வெயிலுக்கும் உண்ணிக்கும் பழகி உருவான வகை. 'உள்ளூர்', 'இந்திய' என்ற இரண்டு சொல்லும் சண்டையில்லாமல் ஒன்றாக நின்ற அரசாங்கப் பெயர் அது. அதே காலத்தில் அதன் சொந்தக்காரரின் சட்டைப்பையில் சிவப்பு அட்டை இருந்தது.

6. மாடு விற்ற நாட்கள்

இந்த வாழ்க்கை ஒரே நாளில் போகவில்லை. 1950களில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கினார்கள். துண்டு வாங்கியவருக்கு லயமும் வேண்டாம், லயத்து மாடும் வேண்டாம். சுங்கை சிப்புட்டில் பிறந்த, அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்து அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது இந்தச் சூழலில்தான். அந்த 10 வெள்ளியில் எத்தனை வீட்டில் பால் காசு கலந்திருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் கலந்திருந்தது.

1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானது. பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேறினார்கள். எங்களுக்கு மூன்றாவது வீட்டுக்காரர் 'ரஜுலா' கப்பலில் போனவர். முப்பது வருடம் பால் வெட்டியவர். பெட்டி கட்டிய பிறகு அவருக்கு மிச்சமிருந்தது ஒரு சினைப்பசு. அவசரத்தில் விற்பவருக்கு விலை ஏது? லோரியில் ஏற்றும்போது அது கால் ஊன்றி நின்றுவிட்டது. பலகையில் ஏற மறுத்த பசுவுக்கு முன்னால் அவரே ஏறிப்போய் நின்று கூப்பிட்டார். அது ஏறியது.

எங்கள் முறை பிறகு வந்தது. தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். கித்தாவை அழித்துச் செம்பனை போட்டார்கள். மாடு வைத்திருப்போர் இத்தனை நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும் என்று ஆபீஸ் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். மாடு குட்டிச் செம்பனையை மேய்ந்துவிடும் என்பது காரணம்; உண்மைதான், மேயும். ஆனால் சில வருடங்கள் கழித்து, வளர்ந்த செம்பனைக்கு அடியில் மாடு மேய்த்தால் களைக்கொல்லிச் செலவு மிச்சமாகும் என்று இந்நாட்டு ஆய்வாளர்களே எழுதிப் பரப்பினார்கள். அந்தக் கட்டுரைகளைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. எங்கள் பாட்டிமார் சம்பளம் இல்லாமல் செய்துகாட்டிய காரியம் அது.

செகந்தீனியின் படம் ஒன்று ஆசியாவில் இருக்கிறது. ஜப்பானின் குராஷிக்கி நகரத்து ஓஹரா கலைக்கூடத்தில், ஆல்ப்ஸ் நண்பகலில் மரத்தில் சாய்ந்து நிற்கும் ஓர் இடைப்பெண். வசதியுள்ளவர்கள் போய்ப் பாருங்கள். ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள் என்று கேட்கவே இன்று வந்தேன். லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம், மஞ்சள் நீராட்டுப் படம், திருவிழாப் படம் ஏதாவது இருக்கும். அதன் ஓரத்தில் எங்காவது ஒரு கொம்போ, வாலோ, கட்டுத்தறிக் கம்போ மாட்டியிருக்கும். படம் எடுத்தவர் அதை வேண்டுமென்று எடுத்திருக்க மாட்டார். அந்த மாட்டின் பெயர் தெரிந்தவர் வீட்டில் இன்னும் ஒருவர் இருந்தால், இந்த வாரமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

என் அத்தையின் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால், வலது ஓரத்தில், பாதி முகமும் ஒரு காதும் தெரிகின்றன. பாட்டிக்குக் கண் மங்கிய காலத்தில் படத்தை வெளிச்சத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். மாப்பிள்ளை வீட்டாரில் இரண்டு பேரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. ஓரத்தைத் தொட்டுவிட்டு உடனே சொன்னார். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: 'செவலை. மூணாம் ஈத்து. கன்னு பின்னாடி நிக்குது, படத்துல விழல.'